எத்தனை நிமிடம் இருக்க வேண்டும்?

திங்கட்கிழமைக் கூட்டத்தை நாங்கள் இப்போது கண்களை மூடித்தான் தொடங்குகிறோம். டென்மார்க்கின் சில்க்போர்க்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் இயக்குநர் ஹென்றிக், ஆசியத் தத்துவங்களை நிர்வாகத்தில் பயன்படுத்துவது பற்றிய பயிற்சிக்குப் போய்வந்தபின் ஏற்பட்ட வழக்கம் இது. "மூச்சைக் கவனியுங்கள், பற்றை விடுங்கள்" என்பார். கண் திறந்ததும் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், சரியாகச் செய்தோமா என்று. பொதிசெய்யும் பிரிவின் டீம்லேடரான, அதாவது குழுத்தலைவியான நான், யாழ்ப்பாணத்தில் ஒருநாளும் மூச்சைக் கவனித்ததில்லை. அங்கே கண்ணை மூடினால், விமானம் எந்தப் பக்கம் வருகிறது என்றுதான் காது தேடும்.

அந்த நாட்களில்தான் என் பிரிவில் வேலை செய்யும் பியர்தெயின் கணவர் இறந்தார். ஆட்குறைப்பு வரப்போகிறது என்ற பேச்சும் இருந்தது. அலுவலகம் பூங்கொத்து அனுப்பியது. எனக்கு அது போதவில்லை. ஊரில் ஒரு சாவு என்றால் முகம் பார்த்துக் கதைக்காதவர்கள்கூட வந்து முற்றத்தில் இருப்பார்கள். சாப்பாடு அயலிலிருந்து வரும். பக்கத்து நகரமான விபோர்க்கில் இருக்கும் சிநேகிதி வசந்தியிடம், பியர்தெயின் வீட்டுக்குப் போகப்போவதாகத் தொலைபேசியில் சொன்னேன்.

"ஐயோ அக்கா, இஞ்சை சொல்லாமல் கொள்ளாமல் போறேல்லை. அந்த மனிசி பயந்திடும்."

"ஓம், தெரியும். எண்டாலும் போறன்."

வசந்தி சொன்னதுதான் நடந்தது. கதவைத் திறந்த பியர்தெயின் முகம் வெளிறியது. "என்னை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறீர்களா?" என்று கேட்டாள். துக்கம் விசாரிப்பதற்கு எனக்கு டேனிஷில் சொல் கிடைக்கவில்லை. "இல்லை. சும்மா இருக்க வந்தேன்" என்றேன். பிறகு உள்ளே விட்டாள். நான் கொண்டுபோன சோற்றையும் பருப்பையும் உண்டுகொண்டிருந்தவள், கரண்டியை வைத்துவிட்டு அழுதாள்.

வேலைக்குத் திரும்பியதும் அவள் இதை ஹென்றிக்கிடம் சொல்லியிருக்கிறாள். "இதுதான் ஆசியத் தலைமைத்துவம்! மற்ற மேலாளர்களுக்கும் சொல்லிக்கொடு" என்றார் அவர். சொன்னேன். ஒருவர், "எத்தனை நிமிடம் இருக்க வேண்டும்?" என்று கேட்டார். இன்னொருவர், "முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போகலாமா?" என்றார். கேலியில்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்கள். எங்களுக்கு அது தலைமைத்துவம் அல்ல. நாளை எங்கள் வீட்டுக்கும் ஆட்கள் வருவார்கள் என்ற நம்பிக்கை. அன்று வீடு திரும்பி, மகள் கொப்பன்ஹேகன் போனபின் ஒற்றைக் கோப்பை மட்டும் கிடக்கும் மேசையின் முன் இருந்து யோசித்தேன்: என் வீட்டுக்கு யார் வருவார்கள்?

சில மாதங்களில் வசந்தியின் தகப்பனார் விபோர்க்கில் காலமானார். செய்தி கிடைத்ததும், 'எத்தனை மணிக்கு வந்தால் வசதி?' என்று எழுதி அனுப்பினேன். அவள் உடனே அழைத்தாள்.

"என்னக்கா, நேரம் கேட்டோ வாறியள்?"

அழுதழுது அவளுடைய குரல் அடைத்திருந்தது. அப்போதே கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

அவளுடைய வீட்டு வாசலில் செருப்புகளும் சப்பாத்துகளும் குவிந்திருந்தன. உள்ளே தமிழ்க் குரல்கள். கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. நான் வெளியே நின்றேன்; என் விரல் அழைப்புமணியைத் தேடிக்கொண்டிருந்தது.