கதவு எண் 147

கேமரா அக்காவுக்குத் தீராத வியாதி ஒன்று உண்டு. எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்டுவிடுவாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் மழையில்லாத நாளில் குடையோடு வந்திருந்தால்கூட, இறங்குவதற்குள் காரணம் தெரிந்தாக வேண்டும். கல்யாணமான புதிதில் அவள் கணவர் இதற்குப் பயந்தே பல விஷயங்களைச் சொல்லாமல் விட்டார். சொல்லாமல் விட்டால் "ஏன் சொல்லலே?" என்று தனியாக ஒரு விசாரணை நடக்கிறது என்று புரிந்த பிறகு, கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடப் பழகிக்கொண்டார். 'கேள்விக்குறி' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்த வியாதியால்தான். அதற்கு முன் ஆறு வருஷம் ஒரு பெரிய துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு நேர் மேலே ஒரு கேமரா. கூட வேலை பார்த்தவர்களில் சிலர் அதைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள், சிலர் முறைப்பார்கள். இவளுக்கோ, அந்தப் படம் அங்கிருந்து கிளம்பி எந்த வழியாக எங்கே போகிறது என்பதுதான் கவலை. ஒருநாள் ரிப்பேருக்கு வந்தவரை ஏணியிலிருந்து இறங்கவிடாமல் கேள்வி கேட்டுத் துளைத்தெடுத்தாள். மனுஷன் நொந்துபோய், "இவ்வளவு ஆசை இருந்தா நீயே படிச்சிட்டு வந்து மாட்டும்மா" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அடுத்த வாரமே இவள் மூன்று மாத வகுப்பு ஒன்றில் சேர்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. ஸ்கூட்டரின் பக்கவாட்டில் மடக்கு ஏணி, முன்னால் டிரில்லிங் மிஷின், முதுகில் லேப்டாப். இதுவரை எண்பத்திரண்டு இடங்களில் கேமரா மாட்டியிருக்கிறாள். எல்லாம் ஒரு நீல நோட்டில் இருக்கிறது.

கேமரா மாட்டுவது பாதி வேலைதான். படங்களைச் சேமித்து வைக்கிற பெட்டிக்கு ரெக்கார்டர் என்று பெயர். எங்கோ இருக்கும் முதலாளி அந்தப் படத்தைத் தன் போனில் பார்க்க வேண்டுமென்றால், ரெக்கார்டரைக் கடையின் இன்டர்நெட் ரவுட்டரோடு சேர்த்து அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். தெருவில் வீட்டுக்குக் கதவு எண் இருப்பதைப் போலத்தான். போன், கம்ப்யூட்டர், பிரின்டர் என்று மற்றதற்கெல்லாம் ரவுட்டரே ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்துக்கொள்ளும். நாளைக்கு அது மாறினாலும் குடி முழுகிப் போகாது. ரெக்கார்டருக்கு மட்டும் மாறாத எண் வேண்டும், அதை மாட்டுகிறவர்தான் பார்த்துப் போட வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கைக்குப் பழகிய எண் ஒன்று இருக்கும். கேமரா அக்காவுடையது 147. வகுப்புக்குப் போன மூன்று மாதமும் அவள் ஏறிய பஸ்ஸின் எண் அது. எண்பத்திரண்டு இடத்திலும் அதையேதான் போட்டிருந்தாள். எழுதி வைக்கவும் வேண்டாம், மறக்கவும் மறக்காது.

ஏன் எல்லா இடத்திலும் 147 என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி போன் செய்தார். அங்கே கேமரா மாட்டியதும் இவள்தான். அவர் இருப்பது வேறு ஊரில். கடையைப் பதினோரு வருஷமாகத் தனியாளாகப் பார்த்துக்கொள்வது ஓர் அம்மா.

"ஏம்மா, அந்த ரவுட்டருக்கு ஒரு இரும்புப் பெட்டி போட்டுப் பூட்டணும். முடியுமா?"

"முடியும் சார். ஏன்?"

"அந்தம்மா ஒயரைப் புடுங்குது. தினமும் பதினொண்ணே காலுக்கு எழுந்து பின்ரூமுக்குப் போகுது. அடுத்த நிமிஷம் என் போன்ல படம் போயிடுது. முக்கால் மணி நேரம் கழிச்சு வெளியே வருது, படமும் வந்துடுது. ஒரு மாசமாப் பாக்கறேன், ஒருநாள் தப்பலே. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"அவங்களைக் கேட்டீங்களா சார்?"

"கேட்டா ஒத்துக்குமா? ஒண்ணாம் தேதியிலேருந்து வேற ஆள் சொல்லிட்டேன். நீங்க பெட்டியைப் போட்டுட்டு வாங்க. அதுகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க."

இதே மாதிரிப் பேச்சை இரண்டு மாதம் முன்னால் ஒரு பெயின்ட் கடையிலும் அவள் கேட்டிருந்தாள். அங்கே கூடுதலாக ஒரு கேமரா மாட்டப் போயிருந்தாள். "குடோன் ஆள் ஒயரைப் புடுங்கி விட்டுக்கிட்டே இருந்தான், அனுப்பிட்டேன்" என்று அந்தக் கடைக்காரர் சொன்னார். மழை வரும்போல் இருந்தது. ஏணியை வண்டியில் கட்டுகிற அவசரத்தில் "ம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். அன்றைக்கு மட்டும் ஏன் என்று கேட்க வாய் வரவில்லை.

கண்ணாடிக் கடைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரி, எதிர்ச்சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துப் பலகை, கவுன்டருக்கு மேலே கேமராப் படங்கள் ஓடும் டிவி. கடை அம்மா தன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அதற்கு மேலாகப் பார்த்தார்.

"வாம்மா. கண்ணைச் சுருக்கிட்டே வர்றியே, பவர் ஏறியிருக்கும். உக்காரு, பாத்துடலாம்."

"வேலையை முடிச்சிட்டு உக்காருறேம்மா. இப்ப உக்காந்தா பெரிய கண்ணாடியா மாட்டி விட்டுடுவீங்க."

"மாட்டத்தான் செய்வேன். முகத்துக்கு ஒரு களை வரும்."

இரும்புப் பெட்டி ஸ்கூட்டரிலேயே இருந்தது. அதை உள்ளே எடுத்துவர அவளுக்கு மனசு வரவில்லை. முதலில் பார்த்துவிடலாம் என்று ரெக்கார்டரைச் சோதித்தாள். குறையில்லை. ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள், எல்லாம் இறுக்கமாக இருந்தன. சோதனைக்காகத் தன் போனிலும் கடையின் படத்தைத் திறந்து வைத்தாள். படம் தெளிவாக வந்தது. பதினொன்றேகாலுக்குக் கடை அம்மா கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, இரண்டு ஃப்ரேம்களை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். மேலே டிவிக்கு ரெக்கார்டரிலிருந்தே நேராக ஒயர், அதில் படம் ஓடிக்கொண்டேயிருந்தது. போனில் இருந்த படம் மட்டும் உறைந்து, நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அக்காவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. 'அப்போ நிஜமாகவே இந்தம்மாதானா?' என்று ஒரு நிமிஷம் அவளும் நினைத்துவிட்டாள். ஓசைப்படாமல் பின்னால் போனாள்.

ரவுட்டர் மேல்தட்டில் இருந்தது. ஒயர் இருந்த இடத்தில் இருந்தது. அதற்கு முதுகைக் காட்டியபடி, எட்டினாலும் கை படாத தூரத்தில், கடை அம்மா லென்ஸ் வெட்டும் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். உள்ளே தண்ணீர் தெறிக்க, கண்ணாடி தேய்கிற சத்தம் கேட்டது.

"அம்மா, அந்தப் பெட்டியை எப்பவாவது தொடுவீங்களா?"

"அதையா? நான் அதுக்கு ஒட்டடைகூட அடிக்கிறதில்லே. பச்சை லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுது, நமக்கெதுக்கு வம்பு?"

"இந்த மிஷின் எப்ப வந்துச்சு?"

"ஒரு மாசம் இருக்கும். முன்னாடியெல்லாம் லென்ஸை வெளியே குடுத்துத்தான் வெட்டி வாங்குவோம். கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து இப்ப நானே உக்காந்துடறேன். ஆனா இது பெரிய அழிச்சாட்டியம். ஃப்ரேம் அளவைக் கம்ப்யூட்டர்லேருந்து அனுப்பினா ஒருநாள் வாங்கிக்குது, ஒருநாள் காது கேக்காத மாதிரி உக்காந்திருக்கு."

கம்ப்யூட்டர் அனுப்புகிறது என்றால் மிஷினும் ரவுட்டரோடு சேர்ந்திருக்கிறது. அக்கா குனிந்து பார்த்தாள். மிஷினின் பின்புறத்திலிருந்து ஒரு நீல ஒயர் சுவரோரமாக ஏறி மேல்தட்டுக்குப் போனது.

"இதைக் கொஞ்சம் நிறுத்துங்கம்மா."

நிறுத்தியதும் அரை நிமிஷத்தில் போனில் படம் வந்தது. போடச் சொன்னாள், போய்விட்டது. மறுபடி நிறுத்தம், மறுபடி படம். கரண்ட் இழுக்கிறதோ என்று ரெக்கார்டரை வேறு பிளக்கில் மாற்றிப் பார்த்தாள். அப்போதும் அதே கதைதான். அக்காவுக்கு ஒரு சந்தோஷம்கூட வந்துவிட்டது. இந்த மாதிரி முடிச்சு அவிழ்கிற நேரத்துக்காகத்தான் அவள் ஏணி ஏறுவதே. தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பில் ரவுட்டரின் பட்டியலைத் திறந்தாள். யார் யாருக்கு எந்த எண்ணைக் கொடுத்திருக்கிறேன் என்று ரவுட்டர் அதில் எழுதி வைத்திருக்கும். கம்ப்யூட்டருக்கு 112. கடை அம்மாவின் போனுக்கு 131. லென்ஸ் மிஷினுக்கு 147.

ரெக்கார்டரின் எண்ணையும் திறந்து பார்த்தாள். அதுவும் 147.

வகுப்பில் இருந்த ரவுட்டர் இரண்டிலிருந்து தொண்ணூற்றொன்பது வரைதான் தானாகக் கொடுக்கும். 147 அதற்கு வெளியே, பத்திரமான எண். பல வருஷம் அவள் போன இடங்களில் எல்லாம் அதே ரகம்தான். இந்தப் புது ரகமோ நூறிலிருந்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது வரை கொடுக்கிறது. ரெக்கார்டர் அந்த எண்ணில் குடியிருப்பது அதற்குத் தெரியாது. புதிதாக வந்த மிஷினையும் அதே கதவு எண்ணில் குடிவைத்துவிட்டது. இரண்டும் விழித்திருக்கும்போது முதலாளிக்குப் போக வேண்டிய படம் வழி தெரியாமல் நின்றது. எண் போடும் முன்பு ரவுட்டர் எதிலிருந்து எதுவரை கொடுக்கிறது என்று ஒருதடவை பார்த்திருந்தால் போதும். ஊர் உலகத்தையெல்லாம் கேள்வி கேட்டவள் அதைக் கேட்கவில்லை.

147-ஐ 47 என்று மாற்றினால் முடிந்தது. ஒரு நிமிஷ வேலை, யாருக்கும் தெரியப்போவதில்லை. விரல் அந்த ஒன்றை அழிக்கக்கூடப் போய்விட்டது. அப்போதுதான் ஸ்கூட்டரில் இருந்த இரும்புப் பெட்டி நினைவுக்கு வந்தது. பெட்டி வந்த அன்றிலிருந்து படம் நின்றுபோகாது. "பாத்தியா, பூட்டினதும் சரியாயிடுச்சு" என்பார் முதலாளி. அவள் சத்தமில்லாமல் சரிசெய்தால் அதுவே இந்தம்மாவுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டே?" என்றார் கடை அம்மா.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, பூட்டு, ஒண்ணாம் தேதி, தன் எண், ஒன்றையும் விடவில்லை. கேட்டுக்கொண்டே கடை அம்மா கையிலிருந்த லென்ஸைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"ஒரு மாசமா போன்ல முதலாளி பேச்சு வெட்டுன மாதிரி இருந்துச்சு. வியாபாரம் சரியில்லே, அதான் கோவமா இருக்காருன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றார். அவர் கண் கலங்கியது. அக்காவுக்குத் தலைநிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அம்மா, எனக்காக ஒண்ணு செய்ங்க. கவுன்டர்ல போய் நில்லுங்க. ரெண்டு கையையும் கவுன்டர் கண்ணாடி மேல வைங்க."

முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "சார், உங்க போன்லயே கடையைத் திறந்து பாருங்க. அம்மா எங்க இருக்காங்க?"

"கவுன்டர்ல. ஏன் கையை இப்படி வெச்சுக்கிட்டு நிக்குது?"

"பாத்துட்டே இருங்க." அக்கா பின்னறையில் மிஷினின் சுவிட்சைப் போட்டாள்.

"படம் நின்னுடுச்சு."

சுவிட்சை அணைத்தாள். "இப்ப?"

கொஞ்ச நேரம் கழித்து, "வந்துடுச்சு. அந்தம்மா அங்கேயேதான் நிக்குது" என்றார். மூன்று தடவை போட்டு, மூன்று தடவை அணைத்தாள்.

"ரெக்கார்டருக்கும் லென்ஸ் மிஷினுக்கும் ஒரே நம்பர் விழுந்திருக்கு சார். யாரும் எதையும் புடுங்கலே."

"அந்த நம்பரைப் போட்டது யாரு?"

"நான்தான் சார். பாக்காம போட்டுட்டேன்."

"போனை அந்தம்மாகிட்ட குடுங்க" என்றார்.

அக்கா போனை நீட்டினாள். கடை அம்மா கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல் அதையே பார்த்தார். "லென்ஸ் பாதியில நிக்குது. முடிச்சிட்டுப் பேசறேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா எண்ணை மாற்றினாள். மிஷின் ஓடியது, படமும் ஓடியது. கம்ப்யூட்டர் அனுப்பிய அளவை மிஷின் ஒரே தடவையில் வாங்கிக்கொண்டது. "காது வந்துடுச்சு இதுக்கு" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. இரும்புப் பெட்டி வண்டியை விட்டு இறங்கவேயில்லை.

வெளியே வந்து நீல நோட்டைப் பிரித்தாள். எண்பத்திரண்டு இடங்களில் புது ரக ரவுட்டர் எங்கெங்கே என்று விரலை வைத்துத் தேடிக்கொண்டே போனாள். விரல் பெயின்ட் கடையில் நின்றது. அங்கே கலர் கலக்கும் மிஷின் ஒன்று இருக்கிறது. அதற்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் போகிறது. அதைப் போடுகிறவன் குடோன் ஆள். நின்ற இடத்திலேயே போன் போட்டாள்.

"சார், புது ஆள் வந்தப்புறமும் உங்க போன்ல படம் போகுதா?"

"அதை ஏன் கேக்கறீங்க? இவனும் புடுங்குறான். சனிக்கிழமையோட இவனையும் அனுப்பிடலாம்னு இருக்கேன்."

"அனுப்பாதீங்க சார். இப்பவே வர்றேன். முன்னாடி அனுப்பினீங்களே, அவரோட போன் நம்பர் இருக்குமா? தேடி வைங்க."

"அவன் நம்பர் உங்களுக்கு எதுக்கு? ஏன்?"

கேமரா அக்கா நீல நோட்டை மூடி வண்டியில் வைத்தாள்.

"ஒயரைப் புடுங்கினது நான் சார்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.