தெளிந்த நீர்

தொண்ணூறுகளின் பிற்பாதி. விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் எனக்கு வேலை. என் மனைவி வீட்டிலிருந்தபடியே அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். ஒருநாள் ஒரே பக்கத்தில் இரண்டு கையையும் வைத்துத் தைத்துவிட்டாள். துணி கொடுத்த பெண் சிரித்தாள், நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, இதுல என்ன தப்புன்னு எனக்குத் தெரியலையே” என்றாள்.

சில வாரங்களில், ஆற்றில் குளித்துவிட்டு வீட்டுக்கு வர வழி தெரியாமல் ஈரச்சேலையோடு தெருமுனையில் நின்றாள். அப்புறம் மில் சங்கு ஊதினால் போதும், அவள் உடம்பு தூக்கிப்போடும். பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

டாக்டர் இளவயதுக்காரர். மூளையில் காசநோய்க் கிருமி இருக்கலாம், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து நான் பிடித்துக்கொண்டேன். ஊசி இறங்கியபோது என் சட்டையைப் பற்றிக்கொண்டு “வலிக்கி, வலிக்கி” என்றாள். குழாயில் சொட்டுச்சொட்டாக நீர் விழுந்தது. கலங்கலே இல்லை.

“நல்லா தெளிவா இருக்கே டாக்டர்” என்றேன் சந்தோஷமாக. அவர் குழாயை மூடி, அதன்மேல் அவள் பெயரை எழுதி ஒட்டினார்.

மறுநாள் வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார்: “கிருமி இல்ல அண்ணாச்சி. இருந்திருந்தா மருந்து குடுத்துப் பார்த்திருக்கலாம்.”

கிருமி இல்லையே என்று அழுதவன் நானாகத்தான் இருப்பேன்.

மீதி நீரை ஐஸில் வைத்து பெங்களூருக்கு அனுப்பினார். மூளையின் செல்கள் வேகமாகச் சாகும்போது ஒரு புரதம் கசிந்து அந்த நீரில் கலக்குமாம். அது இருக்கிறதா என்று பார்ப்பது அப்போதுதான் வந்திருந்த சோதனை. பதில் வருவதற்குள் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். என்னை யாரென்று கேட்கக்கூட அவளிடம் வார்த்தை இல்லை.

பதில் வந்தது. புரதம் இருந்தது.

“இதுக்கு என்ன மருந்து?”

“மருந்து இல்ல அண்ணாச்சி. எங்கயும் இல்ல.”

“பின்ன எதுக்கு டாக்டர் கண்டுபிடிச்சீங்க?” என் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. “நீங்க இவங்களத் தூக்கிக்கிட்டு இனி ஊர் ஊரா அலைய வேண்டாம்லா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

அது உண்மைதான். திருச்செந்தூருக்கு, மதுரைக்கு, யார் எங்கே சொன்னாலும் போகத் தயாராக இருந்தேன். ‘எங்கயும் இல்ல’ என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு போக இடமில்லாமல் போயிற்று. வேனில் அவளைப் படுக்கவைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன்.

உடன்குடியிலிருந்து என் தங்கை துணைக்கு வந்திருந்தாள். ஒரு காலையில் நான் கரண்டியால் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினேன். மறுபடியும் வழிந்தது. தொண்டையும் அசையவில்லை, நெஞ்சும் அசையவில்லை.

“அண்ணே, போதும்” என்று தங்கை என் கையிலிருந்து கரண்டியைப் பைய வாங்கிக்கொண்டாள்.