ஸ்டீல், ஸ்டோல், ஸ்டோலன்

கல்யாணம் முடிந்து தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலேறி வந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. கணவர் துறைமுகப் பட்டறையில் வெல்டர். மரைன் ஹில் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரியை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவரும் எங்கள் கடற்கரைக்காரர்தான், கான்வென்டில் படித்தவர். என் முதல் குழந்தை பிறந்த அன்றே தவறிப்போனது. நான் எழுந்து நடமாடும்வரை சோறு பிசைந்து ஊட்டியவர் அவர்.

மத்தியானங்களில் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார்.

“ஸ்டீல்னா திருடுறது. ஒம் மாப்பிள்ளை வெல்டு வைக்காரே, அந்த ஸ்டீல் இல்ல. ஸ்டீல், ஸ்டோல், ஸ்டோலன். எங்க, சொல்லு.”

சொன்னேன். நன்றாக மனதில் பதிந்துவிட்டது.

எதையாவது வைத்துப் பாட்டுக் கட்டுவது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். ஒரு மழைக்காலத்தில் கப்பல் வராமல் ஊரில் வெங்காயமே இல்லாமல் போனது. குழாயடியில் குடத்தோடு காத்திருந்தபோது ஒரு பாட்டு வந்தது. ‘உப்பு இருக்கு, புளி இருக்கு, வெங்காயம் எங்கே கப்பலே’ என்று தொடங்கும். அக்காவிடம் பாடிக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஏளா, இத கிறிஸ்மஸ் விழாவுல பாடு. அதுவரைக்கும் வேற யாருக்கும் பாடிக் காட்டிராத. அன்னைக்குப் புதுசா இருக்கணும்.”

நான் கணவரிடம்கூடப் பாடிக் காட்டவில்லை.

விழா அன்று அக்காவை எனக்கு முன்னால் மேடைக்கு அழைத்தார்கள். வழக்கமாக அவர் மாதா பாட்டுத்தான் பாடுவார். அன்று வெங்காயப் பாட்டைப் பாடினார். ஒரு வரி விடவில்லை. நான் இழுக்கும் இடத்தில் இழுத்தார், நிறுத்தும் இடத்தில் நிறுத்தினார். தமிழ் தெரியாத பெங்காலிக்காரர்கள்கூடக் கைதட்டித் தாளம் போட்டார்கள்.

விருந்தாளியாக வந்திருந்த வடநாட்டு அதிகாரி மைக்கைப் பிடித்து, அக்காவைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்: ஸ்டோல்.

திருட்டு அந்த அதிகாரிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். எழுந்து நின்று, “ஹாங் சாப். மேரா கானா. இவங்க சோரி பண்ணிட்டாங்க” என்று, என் பாட்டைத் திருடிவிட்டார் என்பதைத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன்.

அரங்கமே சிரித்தது. வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று அந்த அதிகாரியும் சிரித்தார். கணவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“அவர் பாராட்டுறாருடி. ‘ஸ்டோல் த ஷோ’ன்னா எல்லாரையும் மிஞ்சிட்டாங்கன்னு அர்த்தம்.”

“அது என் பாட்டுங்க.”

“நெசமாவா? நீ பாடி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே.”

என் பெயரைக் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் குழாயடியில் அக்காவிடமே கேட்டேன். அவர் குடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீ பாடியிருந்தா பயந்து பாதியில நிறுத்தியிருப்ப. பாட்டுக்கு நல்லதுதான செஞ்சேன்.”

அவர் பாடியதைவிட அந்தப் பதில்தான் என்னை அதிகம் அறுத்தது. அவர் ஊட்டிய சோறு நினைவுக்கு வந்தது. அதையும் சந்தேகப்பட வேண்டியதாகிவிட்டதே என்று அழுதேன்.

மலைக்குக் கீழே குடியிருந்த மலையாள டீச்சரிடம் அகராதி இருந்தது. அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்து, டீச்சரை விளக்கச் சொன்னேன். திருடுவது மட்டுமில்லையாம். ஓரக்கண்ணால் பார்ப்பதற்கும் அதே சொல். அடிமாட்டு விலைக்குக் கிடைத்த பொருளுக்கும் அதுதான். சத்தமில்லாமல் நழுவிப்போவதற்கும் அதுவே. அக்கா இவற்றில் ஒன்றைத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அடுத்த மழைக்கு முன்பே அக்காவின் வீட்டுக்காரருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றலாகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் துணி காயப்போடப் போனேன். அவர்கள் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. அன்று கப்பல் புறப்படும் நாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு விழாக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். “அக்காதான் போயிட்டாங்க. நீங்க அவங்களோட நல்லாப் பழகினவங்க. அவங்க வெங்காயப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்கள்.

தெரியும் என்றேன். மேடையேறி நடுங்காமல் முழுவதும் பாடினேன். பாடி முடித்ததும், அக்கா பாடியது மாதிரியே இருந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.