ஈர மண்ணில் இறங்கிய கொழு

தெற்குச் சிலியின் அந்த மலைச்சரிவு கோடை முழுக்கக் காய்ந்து கிடந்தபோது, ஓட்டிலியா ஓட்டும் கம்பெனி டிராக்டர் பழுதாகி நின்றது. உதிரிப் பாகம் வந்து சேர்ந்ததோ அங்கே குளிர்காலம் தொடங்கும் மே மாதத்தில், மழையோடு. பைன் கன்று நடுவதற்கு உடனே ஆழ உழச் சொன்னார் மேற்பார்வையாளர் எர்னான்.

ஒரு சால் ஓட்டியதும் அவள் இறங்கி, மண்வெட்டியால் குழி வெட்டிக் காட்டினாள்.

"தொட்டுப் பாருங்க எர்னான் ஐயா. காஞ்சிருந்தா களிமண் பொலபொலன்னு உடையும். இப்ப கலப்பைக் கொழு போன இடம் பூசி மெழுகின மாதிரி இருக்கு. வேர் எங்க போகும்?"

"இருபதாம் தேதி நாத்து வருது. அதுங்கள எங்க வீட்டு மெத்தையிலயா படுக்க வைக்கிறது?"

பல்லைக் கடித்துக்கொண்டு பதினோரு நாள் ஓட்டினாள்.

நவம்பரில் கன்றுகள் மஞ்சளித்தன. இரண்டு விரலால் இழுத்ததும் ஒன்று கையோடு வந்தது. பக்கவாட்டில் நுழைய முடியாத வேர்கள் தட்டையாகிக் கிடந்தன.

"நாத்து மட்டம்னு ரிப்போர்ட்ல எழுதிட்டேன்," என்றார் எர்னான். "வர்ற மே மாசம் மறுபடி உழுதிடு."

"மண்ணு இப்பதான் காயுது. பிப்ரவரி கோடையில உழுதா ஆகாதா?"

"அப்ப டிராக்டருக்கு வேற மலையில வேலை."

ஓட்டிலியா சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

அடுத்த மே மாத மழையில் தன் வீட்டுச் சமையலறையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவளுக்கு, சரிவில் யாரோ டிராக்டர் ஓட்டும் சத்தம் கேட்டது. ஜன்னலை அறைந்து சாத்தினாள். அப்போதும் கேட்டது.