கும்பத்தடியில் கொம்பியூட்டர்

எங்கள் வீட்டில் கொம்பியூட்டருக்குக் கிட்டச் செருப்போடு போகக்கூடாது. கை கழுவாமல் தொடக்கூடாது. வேலை முடிந்ததும் அம்மா தன் பழைய சேலையில் தைத்த உறையை எடுத்து, நித்திரையாய்ப் போன பிள்ளைக்குப் போர்ப்பதுபோல மெதுவாகப் போர்த்திவிடுவார். இப்போது அதைவிடப் பல மடங்கு கெட்டிக்காரப் பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கும் போய்வருகிறோம். மென்பொருள் எழுதித்தான் எனக்குச் சோறு என்பதால் இதைப்பற்றிக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் குடும்பக் குழுவில் யாராவது அதே ரோசாப்பூப் படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக் காலை வணக்கம் சொல்லும்போது அந்தச் சேலை உறையை நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கொம்பியூட்டர் கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்தது. துறைமுகத்தில் வேலை செய்த அப்பா, தெரிந்த லொறிக்காரரைப் பிடித்து அதைப் பாலையூற்றில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஏற்றிவந்தார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அக்கா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் கதை வாசலால் வராது, அடுப்பெரிகிற குசினியால்தான் வரும். எங்கள் குசினிக்கு அது ஏற்கெனவே வந்திருந்தது. அக்காவுக்குப் படிக்க வேண்டும். கொழும்பில் ஒரு நிறுவனம், தானாக ஒரு நிரல் எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிற பிள்ளைகளில் சிலரைத் தெரிந்தெடுத்துச் செலவில்லாமல் கணினி படிப்பிக்கப் போவதாகப் பத்திரிகையில் அறிவித்திருந்தது. முடிவு நாள் சரஸ்வதி பூசையன்று மாலை ஐந்து மணி.

அக்கா எழுதியது ஒரு பஸ் நிரல். ஊர்ப் பெயரைத் தட்டினால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லும். அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை என்னுடையது. கந்தளாய் என்று தட்டினால் ஒழுங்காகப் பதில் சொல்லும். கடைசி பஸ் போன பிறகு கேட்டால் மட்டும், அடுத்த பஸ் நேற்றுப் போய்விட்டது என்று அடித்துச் சொல்லும். அந்தப் பிழையைத் திருத்தி முடிக்கவே அக்காவுக்குப் பல நாள் பிடித்தது. வேலை முடிந்து, பிளொப்பியில் பிரதி எடுத்து, இணையம் உள்ள கடைக்குக் கொண்டுபோய் அனுப்புவதுதான் மிச்சம் என்று இருந்தபோது, பூசைக்காக வெருகலில் இருந்து மாமி வந்து சேர்ந்தார்.

மாமி அப்பாவின் மூத்த சகோதரி. அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். அதனால் அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் இல்லை. நவராத்திரியில் அவர் வந்தால் வீடே கால் நுனியில் நடக்கும். அக்கா ஆசையாகத் தன் நிரலைப் போட்டுக் காட்டினாள்.

மாமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூதூர் லோஞ்சு எத்தினை மணிக்கு வருமாம்?" என்று கேட்டார்.

"இது பஸ்ஸுக்கு மட்டும் மாமி."

"நான் பஸ்ஸிலையும் லோஞ்சிலையும் மாறித்தானே வந்தனான். கடலை வைச்சுக்கொண்டு லோஞ்சு தெரியாத பெட்டியோ?"

அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. துறைமுக ஊரில் இருந்துகொண்டு கடலை மறந்தது அவளுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். உடனே உட்கார்ந்து லோஞ்சுப் படகுகளின் நேரங்களைச் சேர்க்கத் தொடங்கினாள். சேர்த்துச் சேமித்து முடித்த கையோடு கரண்ட் போய்விட்டது. காலையில் பிரதி எடுக்கலாம் என்று படுத்துவிட்டாள்.

காலையில் அக்கா கிணற்றடிக்குத் தோயப் போன நேரம், மாமி பூசை ஆயத்தத்தில் இறங்கினார். சரஸ்வதி பூசையன்று புத்தகம், பேனை, சங்கீதப் பெட்டி எல்லாம் கும்பத்தடிக்குப் போய்விடும். விசயதசமி காலைவரை ஒருவரும் தொடக்கூடாது. படிக்கச் சொல்லி யாரும் கேட்க ஏலாத அந்த ஒரு நாளுக்காக நான் வருடம் முழுக்கக் காத்திருப்பேன். மாமி என் புத்தகங்களை அடுக்கிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கொம்பியூட்டரும் படிக்கிற சாமான்தானே என்றார். அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் மூச்சு வாங்க அந்தக் கனத்த திரையைத் தூக்கிப்போய்க் கும்பத்துக்கு வலப்பக்கம் வைத்தார்கள். விசைப்பலகையில் எழுத்து இருந்ததால் அது புத்தகம் என்பதில் மாமிக்குச் சந்தேகமே இல்லை. வாலோடு கிடந்த சுட்டியையும் விட்டுவைக்கவில்லை. திரையின் கண்ணாடியில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தார். மேசைக்குக் கீழே கிடந்த பெட்டியில் எழுத்துமில்லை, படமுமில்லை. போட்டால் உறுமும். அதைக் கரண்ட் பெட்டி என்று நினைத்துக் கால்மாட்டில் விட்டுவிட்டார்.

மாமியை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அன்று எல்லாருக்கும் திரைதான் கொம்பியூட்டர். இன்றும் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. நம் படங்களும் கடிதங்களும் மேகத்தில் இருக்கின்றன என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டு திரிகிறோம். மேகமாவது மண்ணாவது. எங்கோ ஒருவருடைய மேசைக்குக் கீழே ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது. அது யாருடையது என்று கேட்காமல், நீட்டிய நிபந்தனைக்கெல்லாம் சம்மதம் என்று அமுக்கிவிட்டுத் திரைக்குத்தான் பொட்டு வைக்கிறோம்.

ஈரத்தலையோடு வந்த அக்கா கும்பத்தடியைப் பார்த்தாள். முதலில் அப்பாவிடம் போனாள். அப்பா மாமியைப் பார்த்தார். மாமி, "வைச்சது வைச்சதுதான் பிள்ளை. நாளைக்கு விடிய எடுக்கலாம்" என்றார். நாளைக்கு விடிய எடுத்து என்ன பயன் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. அறைக்குள் போய் அலுமாரிக் கதவில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது.

அழுகையோடு அழுகையாக எனக்கு ஒன்று விளங்கியது. அக்கா எனக்குச் சொல்லித்தந்ததுதான். திரை வெறும் முகம், மூளை கீழே இருக்கிறது என்று. "அக்கா, மூளையை அவங்கள் தொடேல்லை" என்றேன். அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சாமியை ஏய்க்கிற மாதிரி ஆகாதோ என்று மெல்லக் கேட்டாள். நான், வைக்காத சாமானில் சாமிக்கு என்ன பாத்தியதை என்று நியாயம் பேசினேன். இந்தத் தொழிலில் இன்றுவரை என் நியாயங்கள் அதே தரத்தில்தான் இருக்கின்றன.

துறைமுகத்துக்குப் போகும் தெருவில், மூதூரில் இருந்து வந்த ஒரு முஸ்லிம் நானா தொலைபேசிக் கடை நடத்தினார். இணையம் இருந்த இடம் அதுதான். எங்கள் ஆட்களின் கடைகளெல்லாம் பூசையில் இருக்க, அவர் கடை மட்டும் திறந்திருக்கும். பெட்டியை அங்கே கொண்டுபோய் அவருடைய திரையில் கொழுவினால் காரியம் முடிந்தது. அரிசிச் சாக்கு ஒன்றில் பெட்டியை இறக்கிக் கட்டினோம். முன்பக்கத்தால் போனால் அப்பாவைத் தாண்ட வேண்டும். குசினியால் போனால் மாமியைத் தாண்ட வேண்டும். மாமிக்குத்தான் இது என்னவென்று தெரியாது என்று குசினியைத் தெரிவு செய்தோம்.

மாமி அவலுக்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து சாக்கைப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"எங்க பிள்ளையள்?"

"நானாவின்ரை கடைக்கு" என்றேன் நான்.

"அப்ப வெறுங்கையோட போகாதேங்கோ." வாழையிலை ஒன்றை வாட்டி, அவலை அள்ளி வைத்துச் சரையாகக் கட்டி என் கையில் தந்தார். "இதைச் சாக்குக்குள்ள வைக்காதை. கையிலயே வைச்சுக்கொண்டு போ. வெய்யிலுக்கு முந்திப் போயிட்டு வாங்கோ."

பின்கதவைத் தாண்டியதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய சாக்கைக் கண்டும் ஒன்றும் கேட்காத மாமியை நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. சைக்கிள் கரியரில் சாக்கைக் கட்டி அக்கா உருட்ட, நான் ஒரு கையால் சாக்கையும் மறுகையால் அவலையும் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சந்தியில் ஆமியின் சென்றிக் காவலரண் இருந்தது. அதைப்பற்றி நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. அந்த யுத்த காலத்தில் சாக்கில் கட்டிய இரும்புப் பெட்டியோடு துறைமுகப் பக்கம் போவது எப்படிப்பட்ட வேலை என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். துவக்கோடு நின்ற ஆமிக்காரர் சாக்கைத் தட்டிப் பார்த்தார். டங்கென்றது. அவர் முகம் மாறியது.

"இது என்ன?"

"கொம்பியூட்டர்" என்றாள் அக்கா.

சாக்கை அவிழ்த்துப் பார்த்தார். "பொய். ரீவி எங்க?"

மாமியின் கட்சியில் இன்னுமொருவர். ரீவி சாமிக்கு முன்னால் இருக்கிறது என்று அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லப் பார்த்தாள். அவர் உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட வாயெடுத்தபோதுதான் என் கையைக் கண்டார்.

"அது?"

சரையை நீட்டினேன். அவிழ்த்தார். சர்க்கரையும் ஏலக்காயும் மணத்தன. கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னும் கொஞ்சம். "சரஸ்வதி?" என்று கேட்டார். நான் ஓம் ஓம் என்று தலையை ஆட்டினேன். எங்கள் சரஸ்வதியை அவருக்கும் தெரிந்திருந்தது. இலையை மடித்து என் கையில் வைத்துவிட்டு, சாக்கைத் தானே கட்டி, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கடையில் நானா மிச்ச அவலை வாங்கிக்கொண்டு, "பூச முடிஞ்சா புள்ள?" என்று கேட்டார். இல்லை, பின்னேரம்தான் என்றேன். அவர் இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வாயில் போடாமல் அதைப் பத்திரமாக மேசை லாச்சிக்குள் வைத்தார். பிறகு தன் திரையைக் கழற்றி எங்கள் பெட்டியில் கொழுவினார். நிரல் பத்திரமாக இருந்தது. லோஞ்சும் இருந்தது. அனுப்பிவிட்டோம் என்று திரை சொன்னபோது அக்கா என் தலையில் ஒரு முத்தம் வைத்தாள்.

அக்கா தெரிவானாள். நேர்முகத்தில் அவளிடம் அதிகம் கேட்டது அந்த லோஞ்சைப் பற்றித்தானாம். பிறகு அவள் படித்தாள், அவள் பிடித்து இழுத்ததில் நானும் படித்தேன். எங்கள் குசினியில் மாப்பிள்ளைக் கதை சில வருடங்களுக்கு வாய்மூடி இருந்தது. திரையையும் கொம்பியூட்டரையும் பிரித்தறியாத மாமியை இரண்டு பெண்கள் ஏமாற்றிய கதையாக நான் இதை அலுவலகத்தில் எத்தனையோ தரம் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

இந்த முறை நவராத்திரியில் என் மகள் அவல் பாத்திரத்துக்குள் கையை விட்டாள். "படைக்க முந்தித் தொடக்கூடாது!" என்று என் வாய் தானாக அதட்டியது. அது மாமியின் குரல். படைக்காத அவலை நுனி நாக்கில் வைத்தாலே முழுப் பாத்திரத்தையும் எச்சில் என்று தள்ளிவிடுகிற மாமியின் குரல். அதட்டிய கையோடு, அன்று சந்தியில் நீட்டிய சரை நினைவுக்கு வந்தது.

மாமியை அழைத்தேன். வீடியோ அழைப்பென்றாலும் கைபேசியைக் காதில்தான் வைப்பார். அவருடைய தோட்டைப் பார்த்துக்கொண்டே அன்றைய அவலைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தக் கரண்ட் பெட்டியைச் சாக்கில கட்டிக்கொண்டு போனியளே, அண்டைக்கோ?"

"அதுதான் மாமி கொம்பியூட்டர்."

"எனக்கு உதுகள் என்ன தெரியும்? அக்கா அழுத கண்ணோட என்னத்தையோ தூக்கிக்கொண்டு போறா. சந்தியில சென்றி கிடக்கு. நான் எத்தினை சென்றி தாண்டி வந்தனான். தின்னுற சாமான் கையில இருந்தா அவங்கள் முதல் அதைத்தான் பாப்பாங்கள்."

"படைக்க முந்தி எடுத்துத் தந்தியளே மாமி."

தோடு ஒருமுறை ஆடியது. "அதுக்கென்ன. நீங்கள் போனாப்பிறகு மிச்சத்தை அப்பிடியே ஒரு பக்கம் வைச்சிட்டு, திரும்பத் தோய்ஞ்சுபோட்டு வந்து, புதுசாக் குழைச்சனான்."

ஓம், அது எனக்கு ஞாபகம் இருந்தது. நாங்கள் சாக்கோடு பின்கதவால் நுழைந்தபோது மாமி ஈரத்தலையோடு, வியர்க்க வியர்க்க இன்னொரு தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரமாகியும் மாமிக்கு ஒரு அவல் குழைத்து முடியவில்லையே என்று நான் அக்காவின் காதில் சொல்லிச் சிரித்தேன்.