ஜவ்பர் சேருக்கு எதிராக நான் கேட்ட துஆ

ஒரு மனிதனுடைய வகுப்பு அழிந்துபோக வேண்டும் என்று நான் அல்லாஹ்விடம் கேட்டேன். பள்ளிவாசலில், தொழுத இடத்திலேயே இருந்து கேட்டேன். எனக்கு இப்போது வயது எழுபத்திரண்டு. இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சகோதரர்கள் பொறுமையோடு வாசியுங்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். பென்ஷன் எடுத்தபோது எனக்கு இருந்தது ஒரே ஆசை. பேர்பெற்ற டியூஷன் சேராக வேண்டும். காசுக்காக அல்ல. பாடசாலையில் பிள்ளைகள் மணி அடித்ததால் வந்து என் முன்னால் இருந்தார்கள். எனக்காக வந்து இருக்க வேண்டும் என்று ஏங்கினேன்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு, நாற்பது பேருக்கு வாங்கு மேசை செய்தேன். ஏழு பேர் வந்தார்கள்.

கல்முனையில் எங்கள் வீதியின் மறுமுனையில் ஜவ்பர் சேரின் கிளாஸ். என்னைவிட ஆறு வயது இளையவர். அவரும் சாதாரண தரப் பரீட்சைக்கான கணிதம்தான். மதிலோரம் சைக்கிள்கள் சந்திவரை நிற்கும். மருதமுனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வருவார்கள். என் சொந்தத் தங்கையின் மகளும் அங்கேதான் போனாள். ஏன் என்று கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை.

"நீங்க நல்லாத்தான் சொல்றீங்க மாமா. அவர் சொன்னா விளங்குது."

அந்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லாரும் எழும்பிப் போகும்வரை பள்ளியில் இருந்தேன். அழுது கேட்டேன். யா அல்லாஹ், அந்தக் கிளாஸை இல்லாமல் ஆக்கு, அந்தப் பிள்ளைகளை என்னிடம் அனுப்பு என்று கேட்டேன். விடாமல் ஆறு வெள்ளி கேட்டேன்.

ஏழாவது வாரம் ஜவ்பர் சேர் பள்ளித் தண்ணீர்த் தொட்டி ஹவுளடியில் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்யும்போது விழுந்தார். பாரிசவாதம். பேச்சும் வலது பக்கமும் போயின.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. அவருடைய பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள்? என்னிடம் வந்தார்கள். வாங்கு போதாமல் பாய் விரித்தேன். அடுத்த வருடம் மண்டபம் எடுத்தேன், மைக் பிடித்தேன். சந்தியில் என் படத்தோடு நோட்டீஸ் ஒட்டினார்கள். கல்யாண வீடுகளில் எனக்கு முன்வரிசைக் கதிரை கிடைத்தது. கேட்டது எல்லாம் கிடைத்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எனக்குப் பள்ளியில் இருக்க முடியவில்லை. நான் கிளாஸைத்தான் கேட்டேன், ஆளைக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனம் ஆறவில்லை. மண்டபத்துக்கு நான் அவர் வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். பின்னேரங்களில் அவர் வாசல் கேற்றடியில் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பார். புத்தகத்தோடு போகும் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னைக் கண்டால் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஆசை இருந்தது. நான் ஏங்கிய அதே ஆசை. பத்து வருடம் அதைக் கடந்து போனேன்.

மக்காவுக்கு உம்றாப் பயணம் போக நிய்யத்து வைத்தேன். நமது வழக்கப்படி வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்டேன். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வதைத்தான் ஜவ்பர் சேரிடமும் சொன்னேன். அவருக்கு அப்போது பேச்சு ஓரளவு திரும்பியிருந்தது. "நமக்குள்ள என்ன சேர் இரிக்கி, பொருந்திட்டன்" என்றார். தனக்கும் அங்கே துஆ கேட்கச் சொன்னார்.

அந்தப் பொருத்தம் நான் ஏமாற்றி வாங்கியது. என்ன பிழை என்று சொல்லாமல் வாங்கிய மன்னிப்பு எப்படி மன்னிப்பாகும்? கஃபாவைக் கண்டதும் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மூன்றாம் நாள்தான் வாய் திறந்தது. இரண்டே இரண்டு கேட்டேன். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் தா. அவரை மீண்டும் பலகைக்கு முன்னால் கொண்டுவா. எனக்காக வேறு எதையும் கேட்கவில்லை.

ஊர் வந்த மறுநாளே பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் கொண்டு போனேன். கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். ஆறு வெள்ளியையும் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"நீங்க போங்க சேர்" என்றார்.

இரண்டு மாதம் போயிற்று. அவர் கேற்றடிக்கு வருவதை விட்டுவிட்டார். வெறும் கதிரையைக் கடந்து போவது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு தொழுகையிலும் அதே இரண்டாவது துஆவைக் கேட்டேன். பிறகு ஒரு நாள் அவருடைய மகள் போன் கோல் எடுத்தாள். வாப்பா உங்கள வரட்டாம் என்றாள்.

போனேன். தேநீர் வந்தது. குடிக்கச் சொன்னார். பிறகு சொன்னார்:

"உங்கட துஆ அவ்வளவு பெரிசெண்டு நினைக்காதீங்க. பிரஷர் குளிசைய ஆறு மாசம் போடாம உட்டது நான்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஆனா நீங்க கேட்டது கேட்டதுதான் சேர். அது நோகுது. இப்ப பொருந்திட்டன் எண்டு சொன்னா பொய்."

தலையாட்டினேன். பிறகு அவரே கேட்டார்.

"எனக்குக் கதைக்க ஏலும். பலகையில எழுதத்தான் ஏலா. ஆக்கள வெச்சும் பாத்தன், சரிவரல்ல. கணக்குத் தெரிஞ்ச கை வேணும். நீங்க எழுதுவீங்களா?"

நான் பத்து வருடமாக அல்லாஹ்வுக்கு முன்னால் இருக்கக் கூசியது அந்தக் கேள்வியோடு தீர்ந்தது. ஓம் என்றேன். என் மண்டபத்தை மூடினேன். பிள்ளைகள் எல்லாரையும் அவருடைய கேற்றுக்குள் அனுப்பினேன்.

அவர் கதிரையில் இருந்து, சொற்கள் கொஞ்சம் இழுபட, கணக்கைச் சொல்வார். நான் பலகையில் எழுதுவேன். முதல் நாளே பிள்ளைகளுக்கு முன்னால் எனக்கு ஏச்சு விழுந்தது. "சேர், வட்டம் கீறச் சொன்னா முட்டையக் கீறி வெச்சிரிக்கீங்க." பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் தங்கை மகள் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் சொன்னால் எனக்கும் விளங்கியது. ஒரு பிள்ளை எந்த இடத்தில் தடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு விடை மட்டுமே தெரிந்திருந்தது. என்னை ஊர் கொண்டாடிய வருடங்களில் நான் ஆகாத நல்ல டியூஷன் சேராக, அவருடைய கையாக நின்றுதான் ஆனேன்.

போன ரமழானுக்கு முன், கடைசி வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். நான் பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். ஜவ்பர் சேர் துஆவுக்கு இடது கையை ஏந்தினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தக் கையையும் கொஞ்சம் தூக்கிப் புடிங்க சேர்."

பக்கத்தில் முழங்காலில் இருந்து, பாரமாகத் தொங்கிய அந்த வலது கையை ஏந்திப் பிடித்தேன். அவர் உதடு அசைந்தது. என் வாப்பாவின் பேரோடு சேர்த்து என் பேரைச் சொல்லிக் கேட்டது என் காதில் விழுந்தது. ஆமீன் சொல்லுங்க என்றார். அந்தக் கையை இறக்காமலே ஆமீன் சொன்னேன்.

பொருந்தினீர்களா என்று அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

சகோதரர்களே, அல்லாஹ் என் கேடுகெட்ட துஆவையும் கேட்டுக்கொண்டிருந்தான், என்னை அழிக்கவில்லை. நல்லதைக் கேட்டுத் திரும்பி வரும்வரை காத்திருந்தான். அவனை நம்பிக் கேளுங்கள். யாரிடமாவது பொருத்தம் கேட்கப் போனால், செய்ததைச் சொல்லிக் கேளுங்கள். அப்படியே ஜவ்பர் சேரின் வலது கைக்காகவும் ஒரு துஆ கேளுங்கள். விரல் நுனியில் கொஞ்சம் உணர்வு வருகிறது என்று நேற்றுச் சொன்னார்.