எட்டாமிடத்துச் செவ்வாய்க்கு ஒரு விண்கலம்

போன ஞாயிறு, அரியாலையில் என் அக்கா வீட்டில் பெண் பார்க்கும் படலம்.

பெண், அக்காவின் மகள் துளசி. ஐரோப்பாவில் இஞ்சினியர், லீவில் வந்திருக்கிறாள். மாப்பிள்ளை ரமணன், அவளோடு கம்பஸில் படித்தவர். இருவருக்கும் அப்போதே பிடித்துப்போயிற்று. பிறகென்ன, மேளம் கொட்ட வேண்டியதுதானே?

குறுக்கே செவ்வாய் நின்றது... துளசியின் சாதகத்தில், எட்டாமிடத்தில்! மகனுக்கு ஆகாது என்று ரமணனின் அம்மா ஒற்றைக்காலில் நின்றார். மகன் கெஞ்சியதால் சாவகச்சேரியிலிருந்து வந்திருந்தார் — பெண்ணைப் பார்க்க அல்ல, மரியாதையாக மறுக்க.

குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மா கேட்டார். "பிள்ளைக்கு அங்கை என்ன வேலை?"

வேறு ஏதாவது சொல்லு என்று கண்ணைக் காட்டினேன். துளசி என்னைப் பார்த்தால்தானே?

"விண்கலம் கட்டுறம் மாமி. செவ்வாய்க்குச் சாமான் ஏத்திக்கொண்டு போறதுக்கு."

அக்கா அவசரமாக வடைத்தட்டை நீட்டினாள். ரமணன் முகட்டைப் பார்த்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"அது எப்ப வெளிக்கிடும்?"

"நினைச்ச நேரம் போகேலாது மாமி. பூமியும் செவ்வாயும் சரியான இடத்திலை வரவேணும். அதைத் தவறவிட்டா, பிறகு ரெண்டு வருஷத்துக்கு மேலை காத்திருக்கவேணும்."

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப வெள்ளைக்காரனும் கிரகநிலை பாத்துத்தானோ வெளிக்கிடுறான்? டேய் ரமணா, கேட்டியே?"

அத்தோடு விட்டிருக்கலாம். துளசி விடுவாளா?

"நாங்கள் பாக்கிறது தூரமும் வேகமும்தான் மாமி. ஆளுக்கு என்ன நடக்குமெண்டு செவ்வாய் சொல்லாது."

அந்த அம்மா வடைத்தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"சரி பிள்ளை. நீர் அதைப் பாரும், நான் இதைப் பாக்கிறன்," என்றார் அவர். ஒரு வடையை எடுத்தார். "உமக்குச் சோறு போடுறதே அந்தச் செவ்வாய்தான். சோறு போடுற கிரகம் எப்பிடித் தோஷமாகும்?"

அவ்வளவுதான்! விஞ்ஞானத்தாலும் சாத்திரத்தாலும் தீர்க்க முடியாததை ஒரு வாய்ச் சோறு தீர்த்துவிட்டது. நம் ஊரில் மனம் மாற யாருக்குத்தான் ஆதாரம் வேண்டும்? மாறுவதற்கு ஒரு சாட்டுக் கிடைத்தால் போதும்.

ஆனால் சாத்திரியார் குறித்துக் கொடுத்த முகூர்த்தத்தைப் பார்த்ததும் துளசியின் முகம் கறுத்தது. விண்கலம் கிளம்புவதும் அதே வாரத்தில்! அவள் அங்கே நிற்காமல் முடியாது. சொன்னால் சம்பந்தம் குழம்புமோ என்று அக்காவுக்குப் பயம். அழுகையை அடக்கிக்கொண்டு துளசியே மாமிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"இதுக்கேன் பிள்ளை அழுறீர்? முகூர்த்தம் அடுத்த மாசமும் வரும். உங்கடை கலத்துக்கெல்லே ரெண்டு வருஷம்? முதல் அதை அனுப்பிப்போட்டு வாரும்."

கலியாண நாளை ஒரு மாமியாரே விட்டுக்கொடுக்கிறார் என்றால்... செவ்வாய்க்குப் போவதெல்லாம் ஒரு பெரிய காரியமா, சொல்லுங்கள்!